எட்டாம் வகுப்புக் கேள்விக்கு இப்போது பதில்

 

போன வாரம் பேரனுக்கு அறிவியல் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி, பி1 குறைந்தால் பெரிபெரி என்று அதே பழைய அட்டவணை. உங்களையும் அப்படித்தான் உருப்போட வைத்தேன். 1988 வாக்கில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், நாமளும் மூணு வேளையும் சோறுதானே சாப்பிடுறோம், நம்ம ஊர்ல ஏன் யாருக்கும் பெரிபெரி வரல?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஆலைகள் அரிசியைப் பளபளவென்று தீட்ட ஆரம்பித்த பிறகு கிழக்கு நாடுகளில் இது மிகவும் பரவியது. கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அந்தக் கிருமியைத் தேடித்தான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் ஜாவாவில் உட்கார்ந்திருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விழுந்தது, பிறகு தானாகவே சரியானது. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு கோழிக்கா என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. (அந்தச் சமையல்காரருக்கும் நோபல் பரிசில் பங்கு கொடுத்திருக்கலாம். 1929இல் எய்க்மானுக்குக் கிடைத்தது.)

நம் பையனுடைய கேள்விக்குப் பதில் மலேயாவில் இருந்தது. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய பச்சரிசிச் சோறு சாப்பிட்டார்கள். பெரிபெரியில் ஏராளமானோர் இறந்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களும் சோறுதான் சாப்பிட்டார்கள், ஆனால் அவர்களுக்கு நோய் வருவது அபூர்வம். அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். மறுபக்கம் ஒருவர்கூட இல்லை. அந்த 18 பேரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா? படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அதே சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், பெரிபெரி இருந்தது.

தவிட்டிலிருந்து இந்தச் சத்தைப் பிரிக்க முயன்ற ஃபங்க் என்ற போலந்துக்காரர், உயிருக்கு வேண்டிய 'அமீன்' என்று நினைத்து, 1912இல் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். இப்படிப்பட்ட சத்துகள் எல்லாமே அமீன் அல்ல என்று பிறகு தெரிந்ததும், 1920இல் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு, பெயரை வைத்துக்கொண்டார்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டையில் தயமின் என்று போட்டிருப்பது இந்த பி1தான்.

நம் முன்னோர்கள் வைட்டமின் தெரிந்தே நெல் அவித்தார்கள் என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. அனுப்பிய மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் அம்மா நெல் அவித்தது, குத்தும்போது அரிசி நொறுங்காமல் இருக்கத்தான். கேட்டால் அதைத்தான் சொல்லுவார்.

அந்தப் பையன் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்காருவான். அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அனுப்பிவையுங்கள். சார் பதில் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள்.