தறிக்குழியில் கணித வகுப்பு

1972இல் கல்விச் சீர்திருத்தம் வந்தபோது கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம், கணிதம், கூடவே ஊர்த்தொழிலை ஆராயும் தொழில் முன்னிலைப் பாடம். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயிற்சி முடித்தவன்தான். ஆனாலும் தொழிலைப் பாடமாக்குவது எப்படி என்று விளங்கவில்லை.

வாப்பாவிடம் போனேன். மருதமுனையில் தறி வைத்திருந்தவர். "அங்குலத்துக்கு 40 இழை, அகலம் 45 அங்குலம். பாவுக்கு எத்தனை இழை வேணும், சொல்லு மகன்" என்றார். 1800. நான் தாளில் பெருக்குமுன் அவர் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை பிள்ளைகளைத் தறிக்குழிக்கே கூட்டிப்போனேன். மிதியை அழுத்தியதும் இழைகள் பிரிந்தன, நெம்புகோல் விளங்கியது. சாயம் ஏன் வெந்நீரில் நன்றாகப் பிடிக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்றிரவு இரசாயனப் புத்தகத்தைத் தேடியெடுத்துப் படித்தேன். எந்தப் பயிற்சி வகுப்பும் என்னை இப்படிப் படிக்க வைத்ததில்லை.

1977இல் ஆட்சி மாறியது. அந்தப் பாடமும் போனது. நல்லதொன்றை அவசரப்பட்டுக் கைவிட்டார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

2004 சுனாமியில் தறி போய்விட்டது. ஊடையிழை ஓட்டும் நாடா மட்டும் மிஞ்சியது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கிய பிறகு, இளம் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சேர், அந்த இழைக் கணக்கை எனக்கும் சொல்லித் தாங்க" என்றார். நாடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, 40 இழையிலிருந்து தொடங்கினேன்.