ட்ரிக்கி வூவின் உணவுத் தட்டு

ஜேம்ஸ் ஹெரியட்டின் கால்நடை மருத்துவக் கதைகளை வாசித்தவர்கள் ட்ரிக்கி வூவை மறந்திருக்க மாட்டார்கள். யார்க்ஷயர் சீமாட்டி திருமதி பம்ஃப்ரியின் செல்லமான பெகினீஸ் நாய் அது. கேக்கும் சாக்லேட்டும் தின்று கொழுத்து, ஒரு கட்டத்தில் நடக்கவும் மாட்டாமல் சோர்ந்துவிடுகிறது. சீமாட்டியோ அதைச் சத்துக்குறைவு என்று கருதி, மால்ட்டும் மீன் எண்ணெயும், போதாக்குறைக்கு இரவில் ஒரு கிண்ணம் ஹார்லிக்ஸும் சேர்த்துத் தருகிறார். (நோய் எதுவானாலும் ஹார்லிக்ஸ் என்பது நம் வீடுகளுக்கு மட்டும் உரிய வைத்தியமன்று!)

மருத்துவர் நாயைத் தம்மிடத்திற்குத் தூக்கிவருகிறார். மருந்து ஏதுமில்லை. இரண்டு நாள் வெறும் தண்ணீர். பிறகு மற்ற நாய்களோடு ஓட்டமும் அளவான உணவும். நாய் தேறுகிறது. அது உடல் தேற வேண்டுமென்று சீமாட்டி அனுப்பும் முட்டைகளும் ஒயினும் பிராந்தியும் மருத்துவர்களின் மேசைக்குப் போய்ச்சேர்கின்றன. 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்த நகைச்சுவைக்குள் ஒரு கூரிய கவனிப்பு உண்டு: நோய் நாயின் உடலில், காரணம் எசமானியின் கையில்.

வீட்டில் மிஞ்சியதைத் தின்ற நெடுங்காலம் நாயின் பருமனை வீட்டின் வறுமையே தீர்மானித்தது. மாளிகைகளின் மடிநாய்கள் விதிவிலக்கு. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய்களுக்கென்றே பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். துறைமுக நாய்கள் கப்பல் பிஸ்கட்டைத் தின்பதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். நாயுணவு கடைச்சரக்காயிற்று. எவ்வளவு போடுவது என்ற கேள்வியோ நெடுநாள் கைக்கணக்காகவே இருந்தது.

அக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை, விந்தையாக, நாயுணவு விற்கும் நிறுவனமொன்றிடமிருந்தே வந்தது. 1987இல் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை 24 இணைகளாகப் பிரித்தது. இணையிலுள்ள இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. இரண்டிற்கும் ஒரே உணவு. ஆனால் ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவு. ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீண்ட இந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோய்க்கான தொடர் சிகிச்சையும் குறைவாக உண்டவற்றுக்கு மூன்று ஆண்டுகள் பிந்தியே தேவைப்பட்டது. இதில் நம்மை உறுத்த வேண்டிய செய்தி வேறொன்று. அதிகம் உண்டவை ட்ரிக்கி வூவைப் போல ஊதிப்போனவையல்ல. எவரும் 'நன்றாக வளர்ந்த நாய்' என்று சொல்லக்கூடிய, சற்றே பூசினாற்போன்ற நாய்கள். அந்தப் பூச்சின் விலை ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆயுள்.

ஹெரியட்டின் பட்டினி வைத்தியத்தை இன்றைய மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. நாய் இப்போதிருக்கும் எடைக்கன்றி, இருக்க வேண்டிய எடைக்குக் கலோரியைக் கணக்கிடுகிறார்கள். வாரத்திற்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை குறைந்தால் போதும் என்கிறார்கள். உணவைக் குவளையால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பது நல்லது. தின்பண்டம் அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கேட்க எளிது, தட்டருகே வந்து நிற்கும் அந்தக் கண்களை எதிர்கொள்வதுதான் கடினம்.

எல்லாப் பழியையும் எசமானர் மீது போடுவதும் நியாயமாகாது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழுவினர், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் 'பிஓஎம்சி' (POMC) என்னும் மரபணுவின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டனர். வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளைக்கு உணர்த்துவதில் பங்குள்ள மரபணு அது. இந்த நாய்கள் உணவுக்காக ஏங்குவது நடிப்பன்று. அவர்கள் ஆராய்ந்த உதவிப்பணி லாப்ரடார்களில் இக்குறை 76 விழுக்காட்டினவற்றிடம் இருந்தது. உணவைப் பரிசாகக் காட்டிப் பழக்கும்போது தீராப் பசியுள்ள நாயே விரைவில் கற்றுக்கொள்கிறது போலும் என்பது அவர்களின் ஊகம். மனிதருக்கு வழிகாட்டத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்களுக்குத்தான், பரிசாகக் கொடுக்கும் ஒவ்வொரு துணுக்கையும் அன்றைய உணவிலிருந்து கழித்துவிட வேண்டியிருக்கிறது.