ஏரி காத்தவர்கள்

ஆன்சைட்டில் இருந்த வருஷம், நாங்கள் நான்கு பேர் லாஸ் வேகஸில் கார் எடுத்துக்கொண்டு டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போனோம். மண் ரோடு, உப்புத் தரை, கண்ணுக்கெட்டியவரை ஆளே இல்லை. "மனுஷன் கால் படாத இடம்டா" என்றான் நண்பன். நானும் நம்பினேன்.

அது பொய் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பள்ளத்தாக்கு டிம்பிஷா ஷோஷோனி மக்களின் பூர்வீகம். 1933இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. 1936இல் அவர்களை 40 ஏக்கருக்குள் ஒதுக்கியது. 1950களின் கடைசியில், கோடைக்கு மலை ஏறிப் போனவர்களின் மண் வீடுகளைத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்துக் கரைத்தார்கள். 2000இல்தான் சட்டம் போட்டு நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

இப்போது வேலை சிறுசேரி சிப்காட்டில். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடியும் முன்பே பைக்கை எடுத்தேன். கேளம்பாக்கம், திருப்போரூர், காட்டு வழியாகச் செங்கல்பட்டு, ஜிஎஸ்டி ரோட்டில் படாளம், அங்கே வலப்பக்கம் திரும்பினால் வேடந்தாங்கல். சுமார் 75 ஏக்கர் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இலை தெரியாத அளவுக்கு நாரைகள், நீர்க்காகங்கள், அரிவாள் மூக்கன்கள்.

இங்கே கதை நேர்மாறாக நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், இனி யாரும் சுடக்கூடாது என்று 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் அந்தக் காலத்து உறுதிப்பத்திரம். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டதே 1872இல்தான்.

ஏன் இவ்வளவு அக்கறை? டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அதுங்க எச்சம் தண்ணில கலந்து வயலுக்குப் போவுது தம்பி. காசு இல்லாத உரம். யாராச்சும் விடுவானா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அவர்கள் பறவையைப் படம் பிடிக்கவில்லை, அதோடு விவசாயம் செய்தார்கள். காப்பாற்றியவர்கள் காப்பாற்றிய இடத்திலேயே வாழ்ந்தார்கள்.

பிளேஸை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பக்கத்து மதுராந்தகத்தில், கொட்டும் மழையில் ஏரிக்கரை உடையாமல் ராமர் காவல் நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் அவர்தான். 'ஏரி காத்த ராமர்' கதை நமக்கு மனப்பாடம். மனு கொடுத்த வேடந்தாங்கல்காரர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

1936இல் இது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. இடையில் 2020இல், சரணாலயத்தின் 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் யோசனை வந்து பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த 5 கி.மீ.க்குள்தான் பறவைகள் இரை தேடும் வயல்களும் சின்ன ஏரிகளும் இருக்கின்றன. வயல் பிளாட் ஆனால் எச்சம் யாருக்கும் உரமில்லை, வெறும் அழுக்கு. அன்றைக்குக் கவுலைப் புதுப்பிக்கக் கேட்பவர் யார்?

திரும்பும்போது திருப்போரூர் தாண்டியதும் மனைப்பிரிவுப் பலகைகள் ஆரம்பித்தன. என் ஃபிளாட்டும் ஒரு காலத்தில் யாருடைய வயலோ, ஏரிப் பாசனமோ. விசாரித்துப் பார்த்ததில்லை. இந்த வாரம் கேட்கணும்.