துர்துக்: ஒரே இரவில் நாடு மாறிய கிராமம்

லடாக்கின் வடகோடியில், காரகோரம் மலைகளுக்கு நடுவே ஷியோக் ஆற்றங்கரையில் இருக்கிறது துர்துக். லேயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். வழியில் 5,300 மீட்டருக்கும் உயரமான கர்துங் லா கணவாயைக் கடக்க வேண்டும். சுற்றிலும் புல் முளைக்காத பாறைமலைகள். ஊருக்குள் மட்டும் வாய்க்கால் நீரில் பசுமை.

இங்கு வாழ்பவர்கள் பல்தி இன முஸ்லிம்கள். பெரும்பாலோர் நூர்பக்ஷியா வழியினர். அவர்களின் பல்தி மொழி திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பௌத்தம் நிலவிய பல்திஸ்தானுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவர் 14ஆம் நூற்றாண்டின் இறைநேசர் மீர் சையித் அலீ ஹமதானீ (ரஹ்) என்பது அம்மக்களின் மரபு. 1840இல் டோக்ரா படைகள் பல்திஸ்தானைக் கைப்பற்றின. 1947-48 போருக்குப் பின் துர்துக் பாகிஸ்தான் வசமானது.

1971 டிசம்பர் போரில் மேஜர் செவாங் ரின்சென் தலைமையிலான லடாக் வீரர்கள் சலுங்கா, துர்துக், தியாக்‌ஷி, தாங் ஆகிய நான்கு ஊர்களையும் கைப்பற்றினர். மறுஆண்டு சிம்லா ஒப்பந்தத்தின்படி அந்தப் போர்நிறுத்தக் கோடே கட்டுப்பாட்டுக் கோடாக நிலைத்தது. வேலைக்கும் படிப்புக்கும் ஸ்கர்து, லாகூர் என்று போயிருந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். கணவன் அங்கே, மனைவி இங்கே. தந்தை இங்கே, மகன் அங்கே. ஆற்றின் போக்கிலேயே சென்றால் சில மணி நேரத்தில் சேரக்கூடிய உறவினரைக் காண விசா பெற்று, பஞ்சாப் வழியாக நாட்கணக்கில் சுற்ற வேண்டியதாயிற்று. ஜனாஸாவில்கூடப் பலரால் கலந்துகொள்ள முடியவில்லை.

உணவில் முதலிடம் ஆப்ரிகாட் பழத்துக்கு. பல்தியில் அதன் பெயர் சூலி. கோடையில் பறித்துக் கூரைகளில் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். கொட்டையின் பருப்பிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். பக்வீட் மாவில் நம் தோசை போலச் சுடும் ‘கிசிர்’, வால்நட் அரைத்த துவையலுடன் பரிமாறப்படும். பால், வெண்ணெய், இறைச்சி கெடாதிருக்க, கல் இடுக்குகளின் வழியே குளிர்காற்று வரும்படி சிறு அறைகள் கட்டியிருக்கிறார்கள். மின்சாரம் தேவையில்லை.

2010 முதல் துர்துக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. செல்ல விரும்பும் குடும்பங்கள் ஆப்ரிகாட் பழுக்கும் ஜூலை, ஆகஸ்டில் போகலாம். எல்லைப் பகுதிக்கான அனுமதி விதிகளை லேயிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. அங்குள்ள முதியவர்களிடம் பேச வாய்த்தால், எல்லைக்கு அப்பால் இருக்கும் உறவினரைப் பற்றிக் கேளுங்கள். உறவைப் பேணுதல் எத்தனை பெரிய நிஃமத் என்பது புரியும்.