தாழ்ந்து செல்லும் நிலம்

நீர் தேங்கிய சதுப்பை வடித்து விளைநிலமாக்குதலை எந்நாட்டவரும் நற்செயலாகவே போற்றி வந்திருக்கின்றனர். ஆயின், அவ்வாறு வென்றெடுத்த நிலம் சில தலைமுறைகளுக்குள் தேய்ந்து காற்றிற் கலந்துவிடுமானால், அவ்வெற்றியை என்னென்பது? இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள ‘ஃபென்ஸ்’ என்னும் சதுப்புப் பிரதேசத்தின் சரித்திரம் இவ்வினாவை எழுப்புகிறது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நீரில் மூழ்கிய இடத்தில் மடியும் செடிகொடிகள் முற்றிலும் மக்குவதில்லை. காற்றுப் புகாமையால் அவை அரைகுறையாக மக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இவ்வாறு உண்டாகும் கரிய மண்ணுக்குப் ‘பீட்’ என்று பெயர். நீலகிரியின் புல்வெளிப் பள்ளத்தாக்குகளிலும் இம்மண் உண்டு. இது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 3 பங்கு அளவினதே இத்தகைய நிலம். எனினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்தும் கொண்டுள்ள கரிச்சத்தினும் மிகுதியான கரிச்சத்து இதனுள் அடங்கியுள்ளது.

ஃபென்ஸ் மக்கள் பண்டு மீன் பிடித்தும், நீர்ப்பறவைகளை வேட்டையாடியும், நாணலும் கோரையும் அறுத்தும் வாழ்ந்தனர். 1630-ஆம் ஆண்டில் நான்காம் பெட்ஃபோர்டு பிரபு, பொருள் முதலீடு செய்தோர் சிலருடன் கூடி, இச்சதுப்பை வடிக்க முற்பட்டார். ஹாலந்து தேசத்தவரான கார்னீலியஸ் வெர்முய்டன் என்னும் பொறியியல் நிபுணர் அப்பணியை நடத்தினார். 21 மைல் நீளமுள்ள நேரான கால்வாய் 1637-இல் முடிவுற்றது. அதற்கு இணையான மற்றொன்று 1651-இல் வெட்டப்பட்டது. பொதுநிலத்தை இழந்த மக்கள் கிளர்ந்தெழுந்து கரைகளை உடைத்தனர். ஆயினும் வடிகால் வேலை நின்றபாடில்லை.

இங்ஙனம் மனிதர் எதிர்ப்பு ஓய்ந்தபின், மண்ணே எதிர்க்கலாயிற்று. நீர் வடிந்த பீட் மண் சுருங்கித் தாழ்ந்தது. வயல்கள் ஆற்றினும் கீழே இறங்கின. தானே ஓடிய நீரை இப்பொழுது மேலேற்றி இறைக்க வேண்டியதாயிற்று. அதற்கெனக் காற்றாலைகள் எழுந்தன. நிலம் மேலும் தாழவே, அவை போதாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி யந்திரங்கள் வந்தன. பின்னர் டீசலும் மின்சாரமும் வந்தன. ஒவ்வொரு புதிய யந்திரமும் நீரை ஆழத்திற்கு இறக்கிற்று. நிலமும் அதனைத் தொடர்ந்து இறங்கிற்று.

இதற்குச் சான்று ஹோம் ஃபென் என்னுமிடத்தில் இன்றும் நிற்கும் இரும்புத் தூணாகும். விட்டில்சி என்னும் பெரிய ஏரி 1851-இல் வடிக்கப்பட்டபொழுது, வில்லியம் வெல்ஸ் என்னும் நிலக்கிழார், மண் எவ்வளவு தாழும் என்று அறிய விரும்பினார். அடியிலுள்ள களிமண்வரை செலுத்தப்பட்ட தூணின் உச்சி அன்று தரைமட்டத்தோடு ஒத்திருந்தது. இன்றோ அது தரைக்கு மேல் ஏறத்தாழ 4 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தூண் எழவில்லை, தரைதான் தாழ்ந்தது.

அம்மண் எங்கே போயிற்று? ஒரு பகுதி நீரிழந்து சுருங்கியது. ஒரு பகுதி காற்றில் பறந்தது. மற்றொரு பெரும்பகுதியை, உட்புகுந்த காற்றின் துணையால் நுண்ணுயிர்கள் சிதைத்துக் கரியமில வாயுவாக்கிவிட்டன. மிதவெப்ப நாடுகளில் வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் பயிரிட்டால், ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 29 டன் கரியமில வாயு வெளிப்படும் என்பது சர்வதேச வல்லுநர்கள் 2013-இல் வகுத்த கணக்கு. பூவுலகம் வெப்பமுறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பரிகாரம் நீரை மீண்டும் உயர்த்துவதே. நீர்மட்டத்தைப் பத்துச் சென்டிமீட்டர் உயர்த்தினால், ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 3 டன் அளவுக்கு இக்கேடு தணியும் என்று 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. ஆயின், நிலத்தை முற்றிலும் மூழ்கடித்தால் மீதேன் என்னும் வேறொரு வெப்பவாயு மிகும். ஆகவே, நீரைத் தரைக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே நலம். பயிரில்லாத காலத்திலேனும் நீரை உயர்த்துதல் இடைப்பட்ட வழியாகும்.

எளிய காரியமோ இது? ஃபென்ஸ் நிலம் இங்கிலாந்தின் தலைசிறந்த விளைநிலங்களுள் ஒன்று. உருளைக்கிழங்கும் சர்க்கரைக் கிழங்கும் நீர் ததும்பும் மண்ணில் விளையா. நீரை உயர்த்தினால் இன்று உழவர்க்கு நட்டம். உயர்த்தாவிடின் நாளை அவர் மக்களுக்கு மண்ணே இல்லை. உலகம் முழுதும் பயன்பெறும் ஒரு செயலின் சுமையை உழவர் மட்டுமே தாங்குதல் நீதியாகாது.

2001-இல் தொடங்கிய ‘கிரேட் ஃபென்’ திட்டம், ஹோம் ஃபென்னைச் சூழ்ந்த நிலங்களைப் படிப்படியாக மீண்டும் ஈரமாக்கி வருகிறது. அங்கே ஈரநிலத்திற்கேற்ற சம்பங்கோரை முதலியவற்றைப் பயிராக வளர்த்துச் சோதிக்கின்றனர். நானூறு ஆண்டுகளுக்குமுன் பயனற்றவை என ஒதுக்கப்பட்ட புற்களின் இனமே இன்று விதைக்கப்படுகிறது!

நம் நாட்டிலும் கேரளத்துக் குட்டநாட்டில், கடல்மட்டத்திற்குக் கீழே நீரிறைத்து நெல் விளைவிக்கின்றனர். அங்குள்ள ‘கரி’ நிலமும் பீட் கலந்த கரிய மண்ணே. அத்தகைய நிலங்களில் வாழ்வோர்க்கு ஃபென்ஸின் சரித்திரம் பிறர் கதையன்று. நிலத்தினின்று நீரைப் பிரிக்குமுன், அந்நீர் அங்கே எதைக் காத்து நிற்கிறது என்று நாம் கேட்டறிதல் வேண்டும்.