தகரத்து மீனும் தருவின் கனியும்

உணவைக் கெடாமல் காக்க வேண்டும் என்னும் கவலை மனிதனுக்குப் புதிதன்று. 1343ஆம் ஆண்டில் மாலத்தீவுகளை அடைந்து, அங்கே காழியாகவும் பொறுப்பேற்ற உலகப் பயணி இப்னு பதூதா, அத்தீவினர் மீனைப் பதப்படுத்தும் முறையைத் தம் பயண நூலில் வருணித்திருக்கிறார். மீனை நான்கு துண்டங்களாக்கி, சிறிதளவு வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவர் என்றும், இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் அது ஏற்றுமதியாயிற்று என்றும் அவர் கூறுகிறார். நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இன்றும் சமையற்கட்டில் மணக்கும் மாசி, அந்த மரபில் வந்ததே.

மாசிக்கு இளைய உடன்பிறப்பு என்று டின் மீனைச் சொல்லலாம். இலங்கையிலும் மலேசியாவிலும் அது அன்றாட உணவு. வளைகுடா நாடுகளில் தனித்துச் சமைத்து உண்ணும் நம் பிள்ளைகளுக்கு அது அவசரத் துணை. "மீனில் எல்லாச் சத்தும் இருக்கிறது, பழம் எதற்கு?" என்பார் சிலர். "டப்பாவில் அடைத்ததில் என்ன சத்து இருக்கப் போகிறது? பழமே போதும்" என்பார் வேறு சிலர். இவ்வழக்கு நம் வீடுகளில் தோன்றியதன்று. ஐந்து நூற்றாண்டுகளாகக் கடலிலும் நகரங்களிலும் உயிர்களைப் பணயமாக வைத்து நடந்த வழக்கு இது.

நாவாயில் வந்த நோய்

வாஸ்கோட காமாவின் முதற்பயணத்தை நாம் அறிவோம். 1498இல் இந்தியக் கரையை விட்டுத் திரும்பிய அவருடைய கப்பல்கள், எதிர்க்காற்றினாலும் காற்றின்மையாலும் அலைக்கழிந்து, ஆப்பிரிக்கக் கரையை அடைய ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. மாலுமிகளின் ஈறுகள் வீங்கிப் பற்களை மூடின, கால்கள் பருத்தன. அந்தக் கடற்பரப்பிலேயே முப்பது பேர் மாண்டனர். 1499 ஜனவரியில் முஸ்லிம் அரசரின் ஆட்சியிலிருந்த மலிந்தித் துறைமுகத்தை அடைந்தபோது, நோயாளிகள் ஏங்கிக் கேட்டது ஆரஞ்சுப் பழம். கப்பலில் உணவே இல்லாமல் போய்விடவில்லை. காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் இருந்தன. பசுமையான உணவுதான் இல்லை.

'ஸ்கர்வி' எனப்படும் அந்நோய்க்கு மருந்து தேடியவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை மருத்துவர். 1747 மே மாதத்தில், 'சாலிஸ்பரி' என்ற கப்பலில், நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு ஆப்பிள் மது, மற்றொன்றுக்குக் காடி, வேறொன்றுக்குக் கடல்நீர் என்று வெவ்வேறு பொருளைக் கொடுத்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமன் பழமும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். அவர்களில் ஒருவர் ஆறே நாளில் பணிக்குத் திரும்பினார். ஆயினும் ஆங்கிலக் கடற்படை லெமன் சாற்றை முறையாக வழங்க 1795 வரை காத்திருந்தது. உண்மை தெரிந்த பின்னும் அதை ஏற்க அரை நூற்றாண்டு கழிந்தது.

தகர டப்பாவின் பிறப்பு

அதே காலத்தில் பிரான்சு நாட்டில் மற்றொரு முயற்சி நடந்தது. மிட்டாய்த் தொழிலில் தேர்ந்த நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டுக் காற்றுப் புகாமல் அடைத்து, கொதிநீரில் வேகவைத்தால் நெடுநாள் கெடுவதில்லை என்று கண்டார். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட், தகரக் கலங்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்தார். 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழில் தொடங்கியது. உணவு ஏன் கெடவில்லை என்பது அன்று எவருக்கும் தெரியாது. கெடுக்கும் நுண்ணுயிர்களை வெப்பம் கொல்கிறது என்பதைப் பின்னர் லூயி பாஸ்டர் விளக்கினார்.

காலத்தையே வென்றுவிட்டோம் என மனிதன் மகிழ்ந்தான். ஆனால் கெடாமல் இருப்பது ஒன்று. குறையாமல் இருப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை உணர மேலும் பல உயிர்கள் பலியாயின.

1860களில் ஆங்கிலக் கடற்படை, மத்தியதரைக் கடல் நாடுகளின் லெமனை விட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழத்துக்கு மாறியது. புளிப்பே மருந்து என்று கருதியதால், அதிகம் புளிக்கும் லைம் உயர்ந்ததாகத் தோன்றியது. 1875இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட நேர்ஸ் என்பவரின் குழு, குளிர்காலம் முழுதும் கப்பலில் அந்தச் சாற்றைப் பருகியது. டப்பா உணவும் நிறைய இருந்தது. எனினும் 1876 வசந்தத்தில், பனிவண்டிகளை இழுத்துச் சென்றவர்கள் ஸ்கர்வியால் வீழ்ந்தனர்; சிலர் மாண்டனர். பயணம் பாதியில் முடிந்தது. லைம் சாற்றின் ஆற்றல் லெமன் சாற்றில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே என்பது 1918ஆம் ஆண்டளவில் இலண்டன் லிஸ்டர் ஆய்வுக்கழகத்தில் ஹாரியட் சிக் முதலியோர் செய்த சோதனைகளில்தான் வெளிப்பட்டது. சேமித்து வைத்த சாற்றில் அதுவும் தேய்ந்துவிடும். மருந்தாவது புளிப்பன்று, வைட்டமின் சி என்னும் தனிப்பொருள் என்பது 1932இல் உறுதியாயிற்று. அப்பொருளைப் பிரித்தெடுத்த ஹங்கேரி அறிஞர் ஆல்பர்ட் செண்ட்-கியோர்கி 1937இல் நோபல் பரிசு பெற்றார்.

கனியால் ஆகாதது

இதுவரை படித்தோர் பழமே வென்றது என முடிவுகட்டலாம். வரலாற்றின் மறுபக்கம் அப்படிச் சொல்லவில்லை.

ஆலைப் புகை சூழ்ந்த ஐரோப்பிய நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்தன. 'ரிக்கெட்ஸ்' என்னும் அந்த எலும்பு நோயைப் பழம் தீர்க்கவில்லை. மீன் எண்ணெய் தீர்த்தது. முதல் உலகப் போரின் இறுதியில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம் இதை மெய்ப்பித்தார். 1922இல் மெக்காலம் அந்தப் பொருளை வேறுபடுத்தி அறிந்தார். அதுவே வைட்டமின் டி. வெயில் பட்டால் நம் தோலே அதை ஆக்கிக்கொள்ளும். வெயிலற்ற இடத்தில் மீன் போன்ற சில உணவுகளே துணை. 1960களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்நோய் மீண்டும் காணப்பட்டது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும், பகலெல்லாம் கூரைக்கடியில் கழிக்கும் ஆண்களிடமும் பெண்களிடமும் இச்சத்து குறைந்திருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர்.

தராசில் இட்டால்

எண்ணெயை வடித்த 100 கிராம் டின் மத்தியில் புரதம் ஏறக்குறைய 25 கிராம். சுண்ணாம்புச் சத்து 380 மில்லிகிராம் அளவு. வைட்டமின் டி சுமார் 5 மைக்ரோகிராம். இதயத்துக்கு நல்லதெனப்படும் ஒமேகா-3 கொழுப்பும், இரத்த விருத்திக்கு வேண்டிய வைட்டமின் பி12உம் நிறைய உள்ளன. டப்பாவில் அடைத்தபின் தரும் கடும் வெப்பத்தால் முள் மெத்தென்றாகி உண்ணத் தக்கதாவதே சுண்ணாம்புச் சத்து மிகுந்ததற்குக் காரணம். முள்ளை நீக்கி எறிபவர் அதன் பெரும்பகுதியை எறிகிறார். ஆனால் டின் மீனில் வைட்டமின் சியும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை. உப்போ மிகுதி.

100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி ஏறக்குறைய 53 மில்லிகிராம். நம் கொய்யாவிலோ அதைப்போல் நான்கு மடங்கு. நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் கிடைத்தாலே ஸ்கர்வி அண்டாது. கனியில் நாரும் நீரும் உண்டு. ஆனால் ஆரஞ்சில் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. வைட்டமின் டியும் பி12உம் அறவே இல்லை. கனிகளும் எல்லாம் ஒன்றல்ல. ஆற்றலும் நாரும் நிறைந்த பேரீச்சம்பழத்தில் வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம்.

எனவே, எது உயர்ந்தது என்னும் கேள்வியே பிழையானது. ஒன்று உடலைக் கட்டுகிறது. மற்றொன்று கட்டியதைக் காக்கிறது. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் இன்மையை ஈடுசெய்யாது. நேர்ஸின் மாலுமிகள் வயிறார உண்டும் நோயுற்றதை மறத்தல் ஆகாது.

இதனை நடைமுறைப்படுத்தப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவு, விலையும் மலிவு. இரத்த அழுத்தம் உள்ளோர் உப்புக் குறைந்த டப்பாவைத் தேர்ந்துகொள்ளலாம். கறியில் மேலும் உப்புச் சேர்க்காமல் இருக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யா இருந்தால் போதும். நம் எலுமிச்சை அந்த லைம் பழத்துக்கு உறவுதான். ஆனால் அப்போது பிழிந்த சாறு, பீப்பாயில் கிடந்து தேய்ந்த சாறன்று. அதைக் கொதிக்கும் குழம்பில் விட்டால் சத்து குறையும். சட்டியை இறக்கி, சூடு தணிந்தபின் பிழிக. மாலுமிகள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம், நம் சமையற்கட்டில் அவ்வளவு எளிதாகப் பயன்படுகிறது.