தலவாக்கலைத் தண்ணீரும் மன்னார்க் காற்றும்

சென்கிளயர் அருவிக்கு ஓர் அளவு உண்டு. நாளுக்கு 47,250 கனமீற்றர் தண்ணீர், அதுவும் பகலில் பத்தரை மணி நேரம் மட்டும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஒன்றேகால் கனமீற்றர். மேல் கொத்மலைத் திட்டத்துக்குச் சுற்றாடல் அனுமதி கொடுத்தபோது மின்சார சபைக்குப் போட்ட நிபந்தனை இது. தலவாக்கலை அணையில் மறிக்கப்படும் கொத்மலை ஓயா, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் போய், 470 மீற்றருக்கு மேல் இறங்கி, நியம்கம்தொரவில் நிலத்துக்கடியில் இருக்கும் இரண்டு சுழலிகளைச் சுற்றுகிறது. இரண்டும் முழு மூச்சாக ஓடினால் வினாடிக்குச் சுமார் 37 கனமீற்றர் தண்ணீர் குடிக்கும். அருவிக்குக் கிடைப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. நாட்டிலேயே அகலமான அருவி என்று பேரெடுத்தது, பகலில் பார்வையாளருக்காக விழுந்து, இரவில் ஓய்ந்துவிடுகிறது. கடும் மழையில் வான்கதவுகளைத் திறந்தால்தான் பழைய சென்கிளயரைப் பார்க்கலாம். அன்றைக்கு ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அருவியை ரசிக்க நேரம் இருக்காது.

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளை இந்த அருவியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட அந்தத் தொகுதியின் பெயர் தம்பபவனி, அளவு 103.5 மெகாவோட். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை, 150 மெகாவோட். இரண்டும் மின்சார சபை கட்டியவை, இரண்டும் கடன் பணத்தில் எழுந்தவை. மேல் கொத்மலைக்கு ஜப்பான், தம்பபவனிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி. இரண்டுமே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியைக் குறைக்க உதவுபவை. ஆகவே இங்கே பசுமைக்கும் கரிக்கும் வழக்கில்லை. வழக்கு பசுமைக்கும் பசுமைக்கும்தான். புகையில்லாத மின்சாரம் ஒரு பக்கம், அருவியும் பறவையும் குடியிருப்பும் இன்னொரு பக்கம்.

தலவாக்கலை வழக்கு நீண்ட வழக்கு. 1980களில் ஜப்பானியரின் சாத்தியக்கூற்று ஆய்வு வந்தது. 1990களின் நடுவில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி மறுத்தது, மின்சார சபை மேன்முறையீடு செய்தது, 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணியும் ஆறுமுகன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் எதிர்த்து நின்றன. இந்த இழுபறியை வீண் தாமதம் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வரைபடத்தில் டெவன், ரம்பொடை முதலான அருவிகளின் ஓடைகளையும் சுரங்கத்துக்குள் திருப்பும் யோசனை இருந்தது. இழுபறி முடிந்தபோது அவை தப்பின, சென்கிளயர் மட்டும் மாட்டிக்கொண்டது. இன்று டெவன் அருவி முழுசாக விழுகிறதென்றால் அந்தத் தாமதத்துக்கும் அதில் பங்குண்டு.

தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 470 மீற்றர் சரிவு அங்கேதான் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மாவட்டத்தில் வைக்க முடியாது. கட்டுவதா விடுவதா, கட்டினால் எத்தனை ஓடையை எடுப்பது, எவ்வளவு தண்ணீரை ஆற்றில் விடுவது என்பவைதான் மனிதர் கையில் இருந்தவை.

காற்றுக்கு இந்த நியாயம் பாதிதான் பொருந்தும். மன்னாரில் காற்று பலமாக வீசுவது உண்மை. ஆனால் ஒவ்வொரு கோபுரத்தையும் எங்கே நிறுத்துவது, நீர் வடியும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஊருக்கு எவ்வளவு தள்ளி, எத்தனையோடு நிறுத்திக்கொள்வது என்பதெல்லாம் தீர்மானிக்கக்கூடியவை. பூநகரியும் இருக்கிறது, புத்தளம் கரையும் இருக்கிறது. மலையில் அம்பேவலப் புல்வெளியிலும் 3 மெகாவோட் அளவில் சிறிய காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றைவிடப் பெரியதை மலைக்குக் கொண்டுவருவது லேசில்லை. தம்பபவனியின் ஒரு இறக்கை 60 மீற்றருக்கு மேல் நீளம், அதை ஏற்றிய லொறி அட்டன் பாதையில் எந்த வளைவில் திரும்பும்?

இடத்தைத் தெரிவுசெய்ய இவ்வளவு சுதந்திரம் இருந்தும் மன்னார் அதிகமாகக் கொதித்தது. அது பறவைகள் வலசை வரும் மத்திய ஆசியப் பாதையில் இருக்கிறது. பக்கத்தில் வங்காலை சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம். அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவோட்டும் பூநகரியில் 234 மெகாவோட்டும் அமைக்க வந்தபோது, சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் 2024இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளின் சிறிய திட்டங்களுக்காகக் காற்றாலைப் பாகங்கள் வந்திறங்க, அந்த ஆண்டு ஆகஸ்டில் மக்கள் வீதியை மறித்தார்கள். ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். அந்த மாதம் முடிந்து வேலை மறுபடி தொடங்கப்போக, பொலிசாரோடு தள்ளுமுள்ளானது.

பறவைப் பிரச்சினைக்கு ஓரளவு வழி இருக்கிறது. மன்னாரில் காற்று உச்சமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். வடக்கிலிருந்து வரும் பறவைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். வரும்போதும் போகும்போதும் ஆபத்தான நேரங்களில் இயந்திரத்தை நிறுத்தினால் இழக்கும் மின்சாரம் ஒப்பீட்டளவில் குறைவு. பறவைக் கூட்டத்தை ராடரில் கண்டு சுழலியை நிறுத்தும் ஏற்பாட்டைத் தம்பபவனித் திட்டத்திலேயே சேர்த்திருந்தார்கள். சென்கிளயருக்கு வினாடிக்கு ஒன்றேகால் கனமீற்றர் விடுவதும் இதுவும் ஒரே சாதித் தீர்வு: இயற்கைக்கு நேரம் ஒதுக்குவது. மின்கம்பிகளில் மோதிச் சாகும் பூநாரைக்கு மட்டும் இந்த நேரசூசி உதவாது. சுழலி நின்றாலும் கம்பி அங்கேயேதான் இருக்கும்.

அதே தென்மேற்குப் பருவம்தான் கொத்மலை ஓயாவையும் நிரப்புகிறது. அதாவது தலவாக்கலை அணை நிரம்பும் மாதங்களில்தான் மன்னார் இறக்கைகளும் வேகமாகச் சுற்றும். பெப்ரவரி, மார்ச் வரட்சியில் மலைத் தண்ணீர் வற்றும்போது மன்னார்க் காற்று முழுதாகக் கைகொடுக்காது. காற்றாலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் நிலக்கரி தானாகக் குறைந்துவிடும் என்ற பேச்சில் இந்த ஓட்டையை யாரும் கவனிப்பதில்லை.

மன்னார் மக்கள் பறவைக்காக மட்டும் வீதிக்கு வரவில்லை. அவர்களுடைய முறைப்பாட்டில் முதலில் வருவது வெள்ளம். தாழ்ந்த மணல் தீவு அது. காற்றாலைக்கு மண் போட்டு உயர்த்திய பாதைகள் மழைநீரைக் கடலுக்கு வடியவிடாமல் மறிக்கின்றன என்கிறார்கள். மீன்பாடு குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் பறவைக்கு அத்தியாயங்கள் இருக்கும். முற்றத்தில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு பந்தி இருந்தால் பெரிய விஷயம். மலைநாட்டிலும் இதே கதைதான். உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்த பிறகுதான் நிலத்தடி நீர் பெரிய பேச்சானது.

தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. லயக் காம்பராவிலிருந்து போன பலருக்குத் தனி வீடு கிடைத்தது, அது லயத்தைவிட மேல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நட்டஈட்டைப் பேசும்போது அவர்கள் காணி உரிமையாளராக உட்காரவில்லை. அவர்கள் பக்கம் பேசியவை தொழிற்சங்கங்கள். மன்னாரிலோ மறியலில் நின்றவர்களில் சொந்தக் காணியும் தோணியும் உள்ளவர்கள் இருந்தார்கள். பின்னால் கோவிலும் பங்கும் இருந்தன. ஒப்புதல் கொடுத்த திட்டங்களுக்கு மேல் மன்னாரில் இனி மக்கள் சம்மதமில்லாமல் காற்றாலை வராது என்று அரசு சொல்ல நேர்ந்தது இந்த வேறுபாட்டால்தான்.

அந்தச் சம்மத விதியை நாளைக்கு மலைக்கும் கொண்டுவந்தால் யாரைக் கேட்பார்கள்? தோட்டக் காணி அரசுடையது. 1990களிலிருந்து குத்தகையை வைத்திருப்பவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள். மலை உச்சியில் ஒரு கோபுரம் நடக் கையெழுத்துப் போட அந்த இரண்டு தரப்பும் போதும். உச்சிக்குக் கீழே, ஐந்தாறு தலைமுறையாக லயத்தில் இருக்கிறவர்களின் பெயர் அந்தப் பத்திரத்தில் எங்கேயும் வரத் தேவையில்லை.